கனகலிங்கத்தின் உயரம்

கோடைச் சிறுபோகத் தண்ணீருக்கான கடதாசி விளையாட்டுப் போட்டியின் இரண்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னர், கனகலிங்கம் தண்ணீர் குடிக்கிற ஒரு மூக்குப்பேணியின் உயரத்துக்கு வந்திருந்தார். மண்டபத்தில் அதைப் பற்றிப் பெரிய கதை ஒன்றும் எழவில்லை. ஸ்கந்தபுரத்தில் அன்றைக்குத் தேங்காய் விலை ஏறியிருந்தது, ஆட்கள் அதைப் பற்றித்தான் பேசினார்கள். கனகலிங்கம் சிறுத்ததைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அது அவர்களுடைய பரம்பரை. சில வீடுகளில் சொத்தைப் பல், சில வீடுகளில் சீனி வருத்தம், அந்த வீட்டில் இது.

கையில் இருப்பது கூடினால் வளர்வதும் குறைந்தால் சிறுப்பதும் அந்தக் குடும்பத்து ஆண்களின் வழக்கம். அவருடைய தகப்பன் தீவுப் பக்கத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து இறங்கியபோது பள்ளிக்கூடப் பிள்ளையின் உயரந்தான். காடு வெட்டி, வயலும் மேட்டுக்காணியும் கைக்கு வந்த பிறகு, பெண் பார்க்கப் போன வீட்டின் வாசல் நிலையில் அவருக்கு நெற்றி அடிபட்டது. சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிவானது. கனகலிங்கமும் உழவு இயந்திரம் வாங்கிய ஆண்டில் இரண்டு விரல் கூடியவர்தான். பிறகு போரும் இடம்பெயர்வுகளும் வந்தன. முதல் முறை லொறியில் கதவு, யன்னல், கூரை ஓடு, ஆட்டுக்கல் எல்லாம் ஏறின. அடுத்த முறை உழவு இயந்திரப் பெட்டியில் நெல்லும் கட்டிலும். அதற்கடுத்த முறை ஒரு சைக்கிள். கடைசியில் ஒரு பை. ஒவ்வொரு முறையும் அவருடைய மனைவி இராசேஸ்வரி சாமான் கட்டத் தொடங்க முதல் புருஷனைச் சுவரோடு நிறுத்தி அளந்து பார்த்து, அதற்கேற்ற சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டார். கடற்கரை மணலில் கிடந்த அந்தக் கடைசி மாதங்களில் கனகலிங்கம் மனைவியின் இடுப்பளவு நின்றார். அவருடைய தமையன் இன்னும் சிறுத்துப் போனார். “ஒரு நல்ல நாளாப் பாத்துப் போவம்” என்று சொல்லிச் சொல்லிப் பதுங்குகுழியை விட்டு வெளிக்கிடாமல் இருந்த மனிதர் அவர். தீப்பெட்டியளவுக்கு வந்ததும் தமையனின் மனைவி அவரை வெற்றிலைப் பைக்குள் வைத்து மடியில் கட்டிக்கொண்டார். ஒருநாள் விடியப் பையைத் திறந்தால் பாக்கு மட்டும் இருந்தது. இன்றைக்கும் அந்தப் பெண்மணி புருஷனுடைய படத்துக்கு மாலை போடவில்லை. “ஆள் நல்லாச் சின்னன், எங்கையாவது இருப்பார்” என்கிறார்.

திரும்பி வந்து, காணி துப்புரவாக்கி, வீட்டுத்திட்டத்து வீட்டுக்குக் கூரை போட்டு முடிய, கனகலிங்கம் பழைய உயரத்துக்கு ஏறக்குறைய வந்து சேர்ந்தார். ஆனால் அவருடைய வயல் ஆலடி வாய்க்காலின் ஆகக் கடைசியில் இருந்தது. அக்கராயன் குளத்தில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் மேல்வயல்களுக்குப் பங்கிட்ட பின் கடைசிக் காணிகளுக்கென்று ஒரேயொரு மிச்சப் பங்குதான் எஞ்சும். அது ஒருவருக்கு ஒழுங்காகப் போதும், எல்லோருக்கும் காணாது. யாருக்கு என்பதைக் கமக்காரர் சங்கம் பிள்ளையார் கோவிலில் திருவுளச்சீட்டுப் போட்டு முடிவு செய்துவந்தது. பேர் எழுதி மடித்த பொட்டலங்களைச் சுவாமிக்கு முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. ஆண்டுதோறும் அது சங்கத் தலைவர் விஜிதரனின் பேருக்கே விழுந்தது. பிள்ளையாரைக் குறை சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. பொட்டலம் மடித்தவரும் தலைவர்தான் என்பதைச் சொல்லவும் துணிவில்லை. விஜிதரன் வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனை செருகியவர். எந்தக் கூட்டத்துக்கும் தன்னுடைய கதிரையைத் தானே கொண்டுவருவார், அதில் வேறு எவரும் இருக்கக்கூடாது. “என்னுடைய பணிவான தலைமையில்” என்று தொடங்கினால் தேநீர் ஆறிப் பாலாடை கட்டியபின்தான் முடிப்பார்.

இந்த முறை கூட்டம் கைகலப்பில் முடியும்போலிருந்தது. அப்போது எழுந்தவர் சிவகரன். தகப்பனின் காணியைப் பார்க்க ரொறன்ரோவிலிருந்து வந்து நின்றவர். மண்டபத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி கழற்றாதவர். நயாகராப் பக்கம் நடந்த ஒரு போக்கர் போட்டியில் மூன்றாவதாக வந்தவர் என்று தானே சொன்னார். எத்தனை பேர் விளையாடினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சீட்டுப் போடுவது அதிர்ஷ்டம், போக்கர் திறமை, திறமைக்குத் தண்ணீரைக் கொடுப்போம் என்றார் அவர். இரண்டு கடதாசி கையில், ஐந்து கடதாசி எல்லோருக்கும் பொதுவாக மேசையில், காய் வைத்து விளையாடுவது, காய் முடிந்தவர் வெளியே, எல்லாக் காயும் யாரிடம் சேர்கிறதோ அவருக்கு மிச்சப் பங்கு. காயாக முதலில் புளியங்கொட்டைதான் வைத்தார்கள். வெள்ளோட்டம் பார்த்த அன்று முடிவில் எண்ணினால் தொடங்கியதைவிட இரண்டு மடங்கு கொட்டை மேசையில் கிடந்தது. ஆகவே சிவகரன் தன் பயணப் பெட்டியிலிருந்த பிளாஸ்ரிக் காய்களை இறக்கினார். கடதாசி பிரித்துப் போடும் பொறுப்பு முல்லைத்தீவுக் கரையிலிருந்து மோட்டச்சைக்கிளில் மீன் கொண்டுவரும் இராயப்புவுக்குப் போனது. கடல்காரனுக்குக் குளத்துத் தண்ணீரில் என்ன ஆசை என்பது ஊரின் எண்ணம்.

இராசேஸ்வரிக்குப் போட்டி பிடிக்கவில்லை. உடம்புக்கு நெல்மூட்டை எது பிளாஸ்ரிக் எது என்று தெரியாது, நம்பி வைத்த பொருள் குறைந்தால் அது குறையும். காய் எல்லாம் முடிந்தால் புருஷனுடைய தமையன் போன வழிதான் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் இல்லாமல் வயல் காய்ந்தாலும் மனிதர் சிறுக்கத்தான் போகிறார். “போனா கெதியிலை தெரியும், போகாட்டி மெல்ல மெல்லத் தெரியும்” என்றார் கனகலிங்கம். இராசேஸ்வரி ஒரு பையில் அளவளவாகச் சட்டைகளை அடுக்கினார்: மகனுடைய பழைய பள்ளிக்கூடச் சட்டை, அதற்குக் கீழே ஒரு முன்பள்ளிச் சட்டை, அதற்குக் கீழே பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாளுக்குப் போட்ட சட்டை, ஆக அடியில் முகம் துடைக்கிற ஒரு கைலேஞ்சி.

கனகலிங்கம் முதல் நாள் தோற்றதற்கு ஒரே காரணம் முந்நூற்றிநாலு. வன்னியில் பிறந்து கடதாசி தொட்டவன் எவனும் அந்த விளையாட்டில்தான் கண் விழித்தவன். அதில் ஜாக்தான் ஆகப் பெரியவன், அவனுக்கு அடுத்தது ஒன்பது. ராசாவும் ராணியும் கீழ்வரிசையில் கைகட்டி நிற்கிற ஆட்கள். போக்கரில் அப்படியில்லை என்று சிவகரன் தலைகீழாக நின்று விளக்கினாலும், ஜாக்கும் ஒன்பதும் கைக்கு வந்தவுடன் கனகலிங்கத்தின் நெஞ்சு தன்பாட்டில் நிமிர்ந்தது, கை தன்பாட்டில் காயைத் தள்ளியது. அதோடு முந்நூற்றிநாலில் கூட்டாளி இருப்பான், கடதாசி சரியில்லை என்று போட்டுவிட்டு எழும்பினால் அவனுக்குத் துரோகம். அந்தப் பழக்கத்தில் கூட்டாளியே இல்லாத விளையாட்டில் கனகலிங்கம் ஒவ்வொரு கையையும் கடைசிவரை விளையாடிக் கொடுத்தார், இல்லாத ஒருவனுக்கு விசுவாசமாக. முதல் நாள் பின்னேரம் அவருடைய கால் கதிரையிலிருந்து நிலத்தில் முட்டவில்லை. மறுநாள் காலை கதிரையில் அரிசிச் சாக்கு வைத்து அதன்மேல் இருந்தார். பிறகு சாக்கும் போதாமல் மேசையிலேயே ஏற்றிவிட்டார்கள்.

“மேசையிலை கால் வைக்கக்கூடாது. சங்க யாப்பிலை தெளிவாய் இருக்கு” என்றார் விஜிதரன்.

“தலைவர், கால் எண்டு சொல்ல அண்ணைக்கு இப்ப என்ன இருக்கு? விரல் எண்டு எழுதிக்கொள்ளுங்கோவன்” என்றார் இராயப்பு, கடதாசியைக் கலைத்தபடி.

சிவகரன் இதற்கிடையில் விரிவுரை நடத்திக்கொண்டிருந்தார். அது சரியான விரிவுரை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். “காய் குவிஞ்சு கிடந்தா நீங்கள் முதலாளி. எந்தக் கடதாசியோடையும் உள்ளை போய் எட்டிப் பாக்கலாம். பாதியானா எட்டிப் பாக்கிறதைக் குறைக்கோணும். இன்னும் குறைஞ்சா ஆசைக் கடதாசி எல்லாத்தையும் மறந்திடோணும். கடைசிக் கைப்பிடிக்கு வந்திட்டா ரெண்டே வழிதான். ஒண்டில் எறியோணும், இல்லாட்டி முழுசா வைக்கோணும். வைக்கிறதையும் மற்றவன் பயப்பிடுற நேரத்திலை வைக்கோணும். ஒருத்தரும் பயப்பிடாத அளவுக்குச் சிறுத்த பிறகு வைச்சு என்ன, வைக்காட்டி என்ன?” இவ்வளவையும் சொல்லிவிட்டு, தன்னுடைய கைப்பிடிக் காய்களை ஒரு இத்துப்போன கடதாசிச் சோடிக்காகத் தலைவரோடு வீறாப்பில் கட்டி, அன்று காலையே சிவகரன் வெளியேறினார். வெளியேறியபின்தான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சின்னப் பிள்ளையின் கண்கள். அன்றைக்குத்தான் ஊர் அவரை முதன்முதலாகப் பார்த்ததென்று சொல்லலாம்.

மத்தியானம் கிட்ட, தலைவரும் மேல்வயல்காரர் இருவரும் கனகலிங்கமும் மிஞ்சினார்கள். மேல்வயல்காரருக்குத் தண்ணீர் ஏற்கெனவே இருந்தது, ஆனால் தண்ணீர் போதும் என்று சொன்ன கமக்காரனை எங்கும் எவரும் கண்டதில்லை. கனகலிங்கம் கைலேஞ்சியை இடுப்பில் சாரமாகக் கட்டிக்கொண்டு, தன்னைவிட உயரமான காய்க் குவியலில் சாய்ந்து நின்றார். கடதாசியைப் பார்க்க வேண்டுமென்றால் நடந்துபோய்த் தோளைக் கொடுத்து மூலையைத் தூக்கவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முறைக்கு முறை, கடதாசியைப் பார்க்க முதலே வைக்கவேண்டிய கட்டாயக் காய் ஒன்று உண்டு. ஊர் அதற்கு வாய்க்கால் வரி என்று பேர் வைத்திருந்தது. நேரம் போகப்போக வரி ஏறியது. அவர் நல்ல கடதாசிக்காகக் காத்திருந்தார். வரி அவரைத் தின்றது. பேணியளவு மனிதர் முட்டையளவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

இராசேஸ்வரி குனிந்து, வாயை அவருடைய காதருகே கொண்டுவந்தார்.

“இஞ்சேருங்கோ, என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?”

“ஒரு நல்ல கடதாசி வரட்டும் எண்டு.”

“உங்கடை அண்ணையும் நல்ல நாள்தான் பாத்தவர்.”

கனகலிங்கத்துக்கு லொறியில் ஏற்றிய கதவு ஞாபகம் வந்தது. இருக்கிறதெல்லாம் இருந்த காலத்தில் கதவைக் காவியது பிழையில்லை. சைக்கிள் மட்டும் இருந்த நாளில் ஆட்டுக்கல்லை எடுப்பதா விடுவதா என்று பக்கத்துக் காணிக்காரன் நின்று யோசித்தான், யோசித்தபடியே நின்றான். இவர்கள் பையோடு ஓடினார்கள்.

அடுத்த கடதாசி பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு ஆசும் ஒரு ஏழும். கனகலிங்கம் குவியலுக்குப் பின்னால் போய், சேற்றில் புதைந்த வண்டியைத் தள்ளுவதுபோல் இரண்டு கையாலும் தோளாலும் தள்ளினார். “முழுசா!” என்றார். அது நுளம்புச் சத்தமாகத்தான் வந்தது. இராயப்பு அதைத் தன் மீன் விற்கிற குரலில் எடுத்துக் கூவினார்: “கனகண்ணை முழுசா வைக்கிறார்! முழுசா!”

மேல்வயல்காரர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் வெளியேறுவது என்பது அவர்களுக்குள் ஒரு மானப் பிரச்சினையாகியிருந்தது, வீணாக இடையில் விழுவானேன் என்று இருவரும் கடதாசியை எறிந்தார்கள். விஜிதரன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக் குனிந்து கனகலிங்கத்தின் முகத்தைப் படிக்கப் பார்த்தார். முகம் ஒரு பயற்றம் விதையளவில் இருந்தது. அதில் பொய் எழுதியிருக்கிறதா மெய் எழுதியிருக்கிறதா என்று தெரிய வழியில்லை. வென்றால் ஒரு பேணியளவு ஆளை வென்ற பேர்தான். தோற்றால்? மூன்று பேனை செருகிய தலைவர், மேசையில் நடந்து திரிகிற ஒருவரிடம் தோற்றார் என்ற கதை மாங்குளம் வரைக்கும் பஸ்ஸில் போகும். “சின்ன ஆளுக்கு விட்டுக் குடுப்பம். தலைமை எண்டா அதுதான்” என்று சொல்லிக் கடதாசியை எறிந்தார்.

அதற்குப் பிறகு கனகலிங்கம் காத்திருக்கவில்லை. இடைக்கிடை எறிந்தார், வைத்தபோதெல்லாம் முழுதாக வைத்தார். அவர் எப்போது வைப்பார் என்று தெரியாததால் மற்றவர்கள் அவர் அசைந்தாலே பயந்தார்கள். தலைவர் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்த காய்களில் அவர் பூசணிக்காயளவு வந்தார். மேல்வயல்காரரில் ஒருவர் ஆத்திரத்தில் மோதி வெளியேற, முப்பத்தொன்றுச் சட்டை கிழிந்து முன்பள்ளிச் சட்டை வந்தது. மற்றவரும் போனபின் மனிதர் மேசையிலிருந்து தானாக இறங்கினார். இராசேஸ்வரி பையிலிருந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்துக் கொடுத்து, கடைசியில் பை வெறுமையாகி, கனகலிங்கம் தன் சொந்தச் சட்டையையும் கடந்து, மேல்பொத்தான் தெறித்து, நிலத்தில் சம்மணம் கட்டியும் தலைவருடைய தலைக்குச் சமமாக இருந்தார். இரண்டு குவியலும் ஏறக்குறைய ஒரே அளவு. கனகலிங்கத்தினதில் ஓரிரு காய் கூட.

அந்தக் கையில் கனகலிங்கத்துக்கு ராசாவும் ராணியும் வந்தன. முந்நூற்றிநாலில் அவர் இவற்றைக் குப்பை என்று எறிந்திருப்பார். ஒரு கணம் கையும் அப்படித்தான் எறியப் போனது. பிறகு முழுதாக வைத்தார். எதிரில் விஜிதரன் தன் கடதாசியின் மூலையைத் தூக்கிப் பார்த்தார். ஜாக். ஒன்பது. தலைவரின் நெஞ்சு நிமிர்ந்தது, மூன்று பேனையும் நிமிர்ந்தன. பதவியும் பொன்னாடையும் வர முதல், ஆலமர நிழலில் கடதாசி அடித்துத் திரிந்த பொடியன் அவருக்குள் எழும்பிக் கூச்சல் போட்டான். “நானும் முழுசா!” என்றார், கதிரையை விட்டு எழுந்தே நின்றார். பொதுவில் விழுந்த ஐந்தும் இருவருக்கும் உதவாத கடதாசிகள். தலைவர் ஜாக்கையும் ஒன்பதையும் மேசையில் அறைந்து போட்டார். மண்டபம் முழுக்க முந்நூற்றிநாலு ஆட்கள், அதனால் பாதிப் பேர் கை தட்டியும்விட்டார்கள். தலைவர் இரண்டு கையையும் விரித்துக் காய்களை அள்ளத் தொடங்கினார்.

“தலைவர், கையை எடுங்கோ” என்றார் இராயப்பு. “இது முந்நூற்றிநாலு இல்லை. இஞ்சை ராசாதான் பெரிசு.”

சனம் சிரிக்கவில்லை. தங்களுக்கும் அதே பிழைதான் வந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். தலைவரிடம் ஒரு காயும் எஞ்சவில்லை. அவர் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனபோது முதன்முறையாக ஒருவர் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தார்.

எல்லாக் காயும் சேர்ந்ததும் கனகலிங்கம் வளர்ந்தார். மண்டபத்துக் கூரைத் தகடு இரண்டு கழன்றன. பெரிய வாசலால் தவழ்ந்து வெளியே வந்து எழுந்து நின்றபோது இளந்தென்னையளவு இருந்தார். இராசேஸ்வரி முற்றத்தில் நிழலுக்குக் கட்டியிருந்த தறப்பாளை அவிழ்த்து வந்து உடுப்பாகக் கட்டிவிட்டார். வீட்டுக்குள் போக முடியாது. காலை நீட்டினால் அயல்காணியில் கால். ஒரு அண்டாச் சோறும் அவருடைய கடைவாய்க்குக் காணவில்லை. கிணற்றில் அவர் ஒரு தடவை வாய் வைத்ததோடு வாளி அடியில் இடிபட்டது.

“இஞ்சேருங்கோ, வயலுக்கு வாற தண்ணியை நீங்களே குடிச்சு முடிச்சிடுவியள்போலை கிடக்கு” என்றார் இராசேஸ்வரி.

மறுநாள் காலை கனகலிங்கம் கடைசிக் காணிக்காரர்களைக் கூப்பிட்டுக் காய்களைக் கொடுக்கத் தொடங்கினார். முதல் குவியல் தமையனின் மனைவிக்கு, அவருடைய காணியும் வாய்க்காலின் கடைசியில்தான். ஒரு முழம் இறங்கினார். பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். விஜிதரன் வந்து யாப்பில் இதற்கு இடமில்லை என்றார். மீன் விற்க வந்து நின்ற இராயப்புதான் தீர்ப்புச் சொன்னார்: “எல்லாக் காயும் ஆரிட்டையோ அவருக்குத் தண்ணி எண்டுதானே கதை. காய் அவருக்குச் சொந்தம். அவர் குடுத்தா தண்ணியும் அந்த வழியாலை போகும். வாய்க்கால் வேலையும் அதுதானே, தலைவர்?” வாதத்தில் தோற்றதும் தலைவர் உடனே பக்கம் மாறி, இந்தப் பகிர்வு தன்னுடைய பணிவான தலைமையில்தான் நடந்தது என்று பேசினார். தேநீர் ஆறியது. சிவகரன் அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துச் சமூகப் புரட்சி என்று போட்டார். ஊர் இரண்டையும் நம்பவில்லை. சாரத்துக்குத் துணி காணாது, அதுதான் மனுசன் கொடுத்தது என்று ஊர் சொன்னது.

காரணத்தை அவர் இராசேஸ்வரிக்கு மட்டும் சொன்னார். அவ்வளவு உயரத்தில் நின்றபோது அக்கராயன் குளம் முழுக்கத் தெரிந்தது, கட்டுக்கரை தெரிந்தது, பின்னால் காடு தெரிந்தது. தன்னுடைய காலடி மட்டும் தெரியவில்லை.

“அடி எடுத்து வைக்கப் பயமாக் கிடந்ததப்பா. அண்ணை எங்கையாவது கீழை நிண்டா?”

இராசேஸ்வரி அவருடைய தறப்பாளை மடித்து வைத்துவிட்டு, பழைய சட்டைக்குப் பொத்தான் தைத்தார்.

மிச்சப் பங்கு கடைசிக் காணிகள் எல்லாவற்றுக்கும் பிரிந்தது. நெல் விதைக்க அது காணாது, எல்லோரும் பயறும் கௌபியும் போட்டார்கள். விளைச்சல் பரவாயில்லை, கொழும்பு லொறிக்காரன் வழக்கம்போல் விலையைக் குறைத்தான். தமையனின் மனைவி தன் பங்குக் காய்களில் ஒன்றை மட்டும் வெற்றிலைப் பைக்குள் போட்டு வைத்திருக்கிறார், ஆள் வந்தால் கொஞ்சம் வளரட்டும் என்று. கனகலிங்கம் முன்னைவிட ஒரு விரல் கூடவாக நிற்கிறார். மாரிமழையில் காலபோகம் விளைந்தால் ஏறுவார், சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தால் இறங்குவார். அக்கராயன் சந்தித் தையற்காரர் பிரசாந்தன் அவரைக் கண்டால் அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தபடி ஒன்றைத்தான் கேட்பார்.

“அண்ணை, காலபோகத்துக்கோ, சிறுபோகத்துக்கோ?”